நிலத்தின் பொழுது யார் கையில்? பழங்குடிக் காணொளிக் கலையும் கோடம்பாக்கமும்

1943 அக்டோபர் 11 இரவு சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசியது. அந்த இரவைக் களமாக வைத்துப் பதினோரு ஆண்டுகளுக்குப் பின் ஏவி.எம். நிறுவனம் 'அந்த நாள்' (1954) படத்தை எடுத்தது. வானொலிப் பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். சுட்டவர் யார் என்று கண்டறிய, அவரைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவரும் தம் நினைவில் உள்ளதைச் சொல்கிறார்கள். எஸ். பாலசந்தர் இயக்கத்தில் பாடல் ஒன்றுகூட இல்லாமல் வந்த அந்தப் படம், காலத்தை முன்னும் பின்னுமாகக் கலைத்துக் கதை சொல்வதில் தமிழ்த் திரை செய்த பெருமுயற்சிகளுள் ஒன்று.

சென்னையில் குண்டு விழுவதற்குச் சுமார் மூன்று வாரங்களுக்கு முன், 1943 செப்டம்பர் 19 அன்று, வட ஆஸ்திரேலியாவில் போர்க்கால முகாம் ஒன்றில் அடைக்கப்பட்டிருந்த பழங்குடியினர் சிலர் தப்பித்து வெளியேறினார்கள். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து தங்கள் கடலோர நிலத்துக்குத் திரும்பினார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் சேர்ந்து நடத்தும் கராபிங் திரைக் குழு, 2017இல் அந்த நடையை 'நைட் டைம் கோ' என்ற காணொளியாக்கியது. பழைய செய்திப்படத் துண்டுகளும் இன்றைய உறவினர்கள் நடித்த காட்சிகளும் கலந்த படம் அது. தொடக்கத்தில் ஆவணங்கள் சொல்லும் வரலாற்றோடு ஒட்டியே போகிறது. பிறகு விலகுகிறது. தப்பி வந்தவர்களைக் கண்டு மற்றப் பழங்குடியினரும் எழுகிறார்கள். குடியேறிய வெள்ளையர் அந்த நிலப்பகுதியை விட்டே துரத்தப்படுகிறார்கள்.

ஒரே போர், ஒரே ஆண்டு, சில வார இடைவெளி. 'அந்த நாள்' நடந்து முடிந்ததைத் தோண்டி ஒற்றை உண்மையை வெளியே எடுக்கிறது. கொலையாளி தெரிந்தவுடன் காலம் மூடிக்கொள்கிறது. 'நைட் டைம் கோ' நடந்ததை முடிந்ததாக ஏற்க மறுக்கிறது. நிலம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதன் மீதான வழக்கு தீரவில்லை, ஆகவே 1943உம் தீரவில்லை என்பது அதன் வாதம்.

இந்த வேறுபாட்டிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். திரையில் நிலமும் காலமும் யாருடைய அதிகாரத்தில் இருக்கின்றன? பழங்குடி மக்கள் தாமே கேமராவை எடுத்துச் செய்த காணொளிக் கலையை அருகில் வைத்துக் கோடம்பாக்கத்தைப் பார்த்தால், நம் திரையின் வழக்கங்களில் எவை கலைத் தேவையால் வந்தவை, எவை தொழில் நெருக்கடியால் வந்தவை, எவை பிறர் நிலத்தின் மீது நமக்கு உரிமை உண்டு என்ற எண்ணத்தால் வந்தவை என்று பிரித்தறிய முடியும். என் முடிபை இங்கேயே வைத்துவிடுகிறேன். ஒரு ஷாட் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எந்த இடத்தைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது என்பவற்றைத் தீர்மானிப்பவர் யார் என்பதே அளவுகோல். திரையில் தெரியும் முகம் யாருடையது என்பது அதற்கு அடுத்துத்தான்.

இதுவரையான ஆய்வுகள்

இத்துறையின் முதல் பெரிய சோதனை 1966இல் அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்தது. சோல் வொர்த், ஜான் அடைர் என்ற இரு ஆய்வாளர்கள் பைன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் நவஹோ மக்களிடம் 16 மி.மீ. கேமராக்களைக் கொடுத்து, இயக்கக் கற்றுக்கொடுத்து, எதை எடுப்பது என்பதை அவர்களிடமே விட்டார்கள். வந்த படங்களில் முகத்தின் அண்மைக் காட்சிகள் மிகக் குறைவு. நடை மிக அதிகம். நெசவைப் பற்றிய படத்தில் தறிக்கு முன் உட்கார்வதற்குள் நெடுநேரம் நிலத்தில் நடக்கிறார்கள். ஆடு, வேர், சாயம் எல்லாம் நிலத்திலிருந்து வந்த பின்புதான் நெசவு. வெளியார் கண்ணுக்கு முன்னுரையாகப் பட்ட அந்த நடை, எடுத்தவர்களுக்கு நிகழ்வின் உடலாகவே இருந்தது. 1972இல் வெளியான இவர்களின் நூல், திரைமொழி எல்லோருக்கும் பொதுவான ஒன்று என்ற நம்பிக்கையை அசைத்தது.

அதன் பின் வந்தவர்கள் இரண்டு பக்கமாக நின்றார்கள். ஃபே கின்ஸ்பர்க் 1991இல் எழுதிய கட்டுரையில், காணொளிக் கருவி பழங்குடிப் பண்பாட்டை விழுங்கிவிடுமா, வலுப்படுத்துமா என்ற கேள்வியை எழுப்பி, சமூகத்தின் பிடியில் இருக்கும்வரை அது வலுவே என்ற பக்கம் சாய்ந்தார். ஜேம்ஸ் வைனர் 1997இல் கடுமையாக மறுத்தார். திரையில் காட்டுவது என்ற செயலே மேற்கின் பார்வை முறை. மறைத்துக் காப்பதில் வாழும் அறிவைக் காட்சியாக்கினால் அது செத்துப்போகும் என்பது அவர் வாதத்தின் சாரம். வைனரின் எச்சரிக்கையைத் தள்ளிவிட நான் தயாரில்லை. ஆனால் அவர் ஒன்றைக் குறைத்து மதிப்பிட்டார். காட்டாமல் விடுவதும் கேமராவின் வேலைதான். அதை மிகத் தெளிவாகச் செய்து காட்டியவர்கள் மத்திய ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி மக்கள்.

இவர்களோடு யோஹானஸ் ஃபேபியனையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1983இல் வந்த அவருடைய நூல், மானுடவியல் தான் ஆராயும் மக்களைத் தன் காலத்தில் வைத்துப் பேசுவதில்லை என்று குற்றம் சாட்டியது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவனை எழுதும்போது பல நூற்றாண்டு பின்னால் தள்ளிவிடும் பழக்கம் அது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்துகொண்டு மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாகக் கொண்டுவந்த நூலை இந்தக் குற்றச்சாட்டோடு திறந்து பார்த்தால், தோடரும் கோத்தரும் இருளரும் ஏன் இன்றுவரை நம் பாடநூல்களில் காலமற்றவர்களாகவே நிற்கிறார்கள் என்பது விளங்கும்.

வெறும் மலையைக் காட்டும் கேமரா

வார்ல்பிரி மக்கள் வாழும் யுவெண்டுமு என்ற ஊரில் 1980களில் எரிக் மைக்கேல்ஸ் என்ற ஆய்வாளர் பழங்குடியினரின் உள்ளூர்த் தொலைக்காட்சி முயற்சியோடு இணைந்து வேலை செய்தார். அங்கே பிரான்சிஸ் ஜுபுருருலா கெல்லி என்ற வார்ல்பிரி ஒளிப்பதிவாளர் 1984இல் 'கானிஸ்டன் ஸ்டோரி' என்ற காணொளியை எடுத்தார். 1928இல் காவலர் தலைமையில் பழங்குடியினர் மீது நடந்த படுகொலை அதன் பொருள். இறந்தவர்கள் 31 பேர் என்றது அரசுக் கணக்கு. உண்மையான எண்ணிக்கை அதைவிட மிக அதிகம் என்பது அம்மக்களின் நினைவு.

படத்தில் படுகொலை இல்லை. நடிப்பு இல்லை, இரத்தம் இல்லை. ஒரு முதியவர் பேசுகிறார். கேமரா நிலத்தின் மீது பக்கவாட்டில் மெதுவாகத் திரும்புகிறது ('பேன்'). சட்டகத்தில் புதர், பாறை, அடிவானம். நகரத்துப் பார்வையாளருக்கு அது வெறும் மலை. கெல்லியிடம் கேட்டபோது அவர் ஒவ்வோர் அசைவுக்கும் காரணம் சொன்னார் என்று மைக்கேல்ஸ் பதிவுசெய்கிறார். கேமரா நின்ற இடம் காவலர்கள் மலையேறி வந்த இடம். அது திரும்பிய திசை மூதாதையர் நிலத்தினூடே வந்த திசை. அதாவது 1928உம், அதற்கு அளவிட முடியாத காலம் முன் நிலத்தை உருவாக்கிய மூதாதையரின் பயணமும், படம் எடுக்கப்பட்ட நாளும் ஒரே பேனில் உள்ளன. மூன்று காலத்தையும் சேர்க்க அங்கே வெட்டு தேவைப்படவில்லை. நிலமே அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது.

இன்னொரு செய்தியும் மைக்கேல்ஸின் எழுத்தில் உண்டு. எனக்கு அது பேனைவிட முக்கியமாகப் படுகிறது. படப்பிடிப்புக்கு உறவினர்கள் பெருங்கூட்டமாகப் போனார்கள். கேமராவின் முன் வந்தவர்களோ மிகச் சிலர். மற்றவர்கள் எதற்கு? ஒரு கதையைச் சொல்ல உரிமை உள்ளவர் வேறு, அது சரியாகச் சொல்லப்படுகிறதா என்று கண்காணிக்கக் கடமைப்பட்டவர் வேறு. இரு தரப்பும் அந்த இடத்தில் நின்றால்தான் அந்த நிலத்தின் கதை வெளியே வரலாம். கேமராவுக்குப் பின்னால் நின்ற கூட்டம்தான் படத்தின் உண்மைத்தன்மைக்குச் சான்று. இறந்தவரின் உருவத்தையும் பெயரையும் துக்க காலத்தில் வெளியிடாத வழக்கம் அங்கே உண்டு. ஆகவே ஒருவர் இறந்தால் அவர் இடம்பெற்ற ஒளிநாடாவும் சில காலம் ஒதுங்கிவிடும். வைனர் அஞ்சிய காட்சி வெறிக்கு இதைவிடக் கட்டுப்பாடான பதில் இல்லை.

கனடாவின் வடகோடியிலுள்ள இக்லூலிக் மக்கள் இன்னும் முன்னதாகவே ஒரு முடிவு எடுத்தார்கள். தங்கள் இனுக்டிடுட் மொழியில் நிகழ்ச்சிகள் இல்லாத தொலைக்காட்சி ஊருக்குள் வேண்டாம் என்று 1970களில் வாக்களித்து மறுத்தார்கள். அந்த ஊரைச் சேர்ந்த சக்கரியாஸ் குனுக் 1981இல் தாம் செதுக்கிய சிற்பங்களை மான்ட்ரியலில் விற்று வீடியோ கேமரா வாங்கினார். 1990இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய இசுமா நிறுவனம் எடுத்த 'அடனார்ஜுவாட்' 2001இல் கான் விழாவில் முதல்படத்துக்கான தங்கக் கேமரா விருதைப் பெற்றது. 2019 வெனிஸ் பியனாலேயில் கனடாவின் அரங்கில் இசுமா காட்டிய 'நோவா பியுகட்டுக் வாழ்வில் ஒரு நாள்' என்ற படம் 1961இல் நடப்பது. அரசு அதிகாரி ஒருவர் பனிவெளிக்கு வந்து, வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்த குழுவை நிறுத்தி, ஊரில் குடியேறச் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் வழியே அந்தப் பேச்சு நீள்கிறது. தேநீர் வருகிறது. மறுபடி பேச்சு. படத்தின் பெரும்பகுதி இதுதான். ஒரு மக்களின் நிலம் அவர்கள் கையை விட்டுப் போகும் நேரத்தைப் பார்வையாளர் சுருக்கமின்றி உட்கார்ந்து அனுபவிக்க வேண்டும் என்பது குனுக்கின் தீர்மானம்.

இங்கே ஒரு பொறியில் விழக்கூடாது. மெதுவாக நகர்ந்தால் பழங்குடிக் கலை, வேகமாக வெட்டினால் வணிகக் கலை என்ற சமன்பாடு தவறு. கராபிங் குழுவின் படங்கள் அமைதியானவை அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த பிம்பங்கள், கைப்பேசியில் எடுத்த காட்சிகள், சத்தமான குடும்பச் சண்டை என்று ஓடுபவை. 'வுத்தர்' (2016) படத்தில் ஒரு படகின் மோட்டார் பழுதாகிக் குடும்பம் நடுவழியில் நிற்கிறது. ஏன் பழுதானது? மூதாதையர் சினம் என்கிறார் ஒருவர், உப்பு அரித்த கம்பி என்கிறார் இன்னொருவர், கிறித்தவ நம்பிக்கை போதவில்லை என்கிறது மற்றொரு குரல். நடுவே அரசின் அபராதச் சீட்டும் வருகிறது. ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு பின்னோக்கு. 'அந்த நாள்' முதல் 'விருமாண்டி' (2004) வரை நாம் பழகிய பின்னோக்கில் ஒன்று உண்மை, மற்றவை பொய் அல்லது மயக்கம். 'வுத்தரில்' எதுவும் பொய்யாவதில்லை. எல்லாக் காரணங்களும் ஒரே நேரத்தில் அந்த மோட்டாரின் மீது வேலை செய்கின்றன. பல காலங்கள் உடன் வாழும் நிலம் அது என்பதே வடிவத்துக்குக் காரணம்.

கோடம்பாக்கத்தின் கடிகாரம்

கோடம்பாக்கமே ஒரு நிலமாற்றத்தின் ஓரத்தில் எழுந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கிக் கிடந்த நெடிய ஏரி 1920களில் வற்றவைக்கப்பட்டு, அதன் படுகையில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்தின் லேக் ஏரியாவும் மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலையும் அந்த நீரின் பெயரை இன்னும் வைத்திருக்கின்றன. அதற்கு மேற்கே தோப்பும் வயலுமாக இருந்த மலிவான நிலம் ஸ்டுடியோக்களை ஈர்த்தது. 1948இல் காரைக்குடியிலிருந்து ஏவி.எம். வந்தது, விஜயா வாகினி வளர்ந்தது, சாலிகிராமத்தில் பிரசாத் எழுந்தது. ஸ்டுடியோ தளம் என்பது நிலத்தை வெளியே நிறுத்திவிட்டு நிலத்தைச் செய்யும் இடம். காடும் மலையும் குடிசையும் திரைச்சீலையிலும் பிளைவுட்டிலும் உருவாயின. பின்னால் வாகினியின் தளங்களே வணிக வளாகத்துக்கும் விடுதிக்கும் இடம் கொடுத்தன.

1977இல் '16 வயதினிலே' கேமராவைத் தளத்திலிருந்து வெளியே கொண்டுபோனதைத் தமிழ்த் திரையின் விடுதலையாக எழுதுவது வழக்கம். கிராமத்து முகங்களுக்கும் வெயிலுக்கும் அது விடுதலைதான். நிலத்துக்கு அவ்வளவாக இல்லை. நிலம் 'லொகேஷன்' ஆயிற்று. லொகேஷன் என்பது முன்பணம் கொடுத்துப் பிடிக்கப்படுவது, கால்ஷீட்டுக்குள் முடிக்கப்படுவது, வெளிச்சம் போனால் 'பேக்கப்' சொல்லிவிட்டுக் கிளம்பப்படுவது. யூனிட்டின் பேட்டா நாள் கணக்கில் ஓடும்போது மலையின் முன் கேமராவைச் சும்மா நிறுத்தி வைக்க எந்தத் தயாரிப்பாளரும் ஒப்பமாட்டார். இது யாருடைய தீய எண்ணமும் இல்லை. ஒரு தொழிலின் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு அழகியலாகவும் மாறிவிட்டது. எடிட்டிங் அறையில் 'லேக்' (இழுவை) என்ற ஒரே சொல்லுக்கு வெட்டுப்படுபவற்றில் முதலாவது நிலமாகத்தான் இருக்கிறது. காட்சி தொடங்க ஓர் எஸ்டாப்ளிஷிங் ஷாட், பாட்டுக்கு நடுவில் நாலைந்து பாஸிங் ஷாட். ஓடும் சிறுவனின் கால்கள் ஓடிக்கொண்டே வளர்ந்த நாயகனின் கால்களாகும் அந்தப் புகழ்பெற்ற மாற்றத்தில் பதினைந்து ஆண்டுகள் போய்விடும். அவன் ஓடிய நிலம் மட்டும் ஒரு புல்கூட மாறாமல் இருக்கும்.

பழங்குடியினரைக் காட்டும்போது இந்தக் கடிகாரம் இன்னும் கூர்மையாகிறது. எஸ்.பி. ஜனநாதனின் 'பேராண்மை' (2009) மதிக்கத்தக்க முயற்சி. பழங்குடி வன அலுவலரை நாயகனாக்கி, அவர் படும் சாதி இழிவை ஒளிக்காமல் சொன்னது. ஆனால் கதை முடுக்கம் பெறுவது ராக்கெட் ஏவுதலின் கவுண்ட்டவுனில். காட்டறிவு முழுவதும் தேசத்தின் நேரத்துக்குச் சேவை செய்கிறது. காட்டுக்கு அவர் குலத்தோடு உள்ள நேரம் என்ன என்ற கேள்விக்கு இடமில்லை.

'ஜெய் பீம்' (2021) வேறு உயரத்தில் நிற்கும் படம். 1990களில் கடலூர் மாவட்டத்தில் நடந்த காவல் கொலையையும் வழக்கறிஞர் கே. சந்துரு நடத்திய ஆட்கொணர்வு வழக்கையும் தழுவி த.செ. ஞானவேல் எடுத்தது. இருளருக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் இல்லாத கொடுமையை அதுபோல் பல கோடிப் பேர் முன் வைத்த ஆவணம் வேறில்லை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றோர் பல்லாண்டு பேசியதைத் திரை ஒரே இரவில் பரப்பியது. இந்த நன்மையை முழுமனதோடு ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்: அப்படத்தின் காலம் நீதிமன்றத்தின் காலம். அடுத்த வாய்தா, அடுத்த சாட்சி, தீர்ப்பு. தொடக்கத்தில் வயல் வரப்பில் எலி பிடிக்கும் காட்சிகளில் மட்டும் இருளரின் கையும் நிலமும் பேசும் நேரம் வருகிறது. வழக்கு வந்தபின் அந்த நேரம் திரும்புவதில்லை. முதன்மை இருளர் பாத்திரங்களில் நடித்த இருவரும் இருளர் அல்லர் என்பதைப் பலர் குறையாகச் சொன்னார்கள். என் அளவுகோலின்படி அதைவிடப் பெரிய இடைவெளி, கதையின் நேரத்தை வகுக்கும் இடத்தில் இருளர் எவரும் இல்லாததே.

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) இந்தக் கடிகாரத்தை மீறிய அரிய படம். மலைப்பாதையில் சுமை ஏறும் நேரம் கதையின் நேரமாக இருக்கிறது. துண்டு நிலத்துக்காக ஆயுளைச் செலவிட்டவன் கடைசியில் அதே நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளி ஆகிறான். கேமரா மேலேறிச் செல்லச் செல்ல அவன் புள்ளியாகி, காற்றாலைகள் பெருகுகின்றன. பழங்குடிப் படம் இல்லை இது. ஆனால் நிலத்தின் காலத்தைக் கோடம்பாக்கத்துப் பணத்திலும் காட்ட முடியும் என்பதற்கு உறுதியான சான்று.

முதற்பொருள் என்ற வாய்ப்பும் அதன் ஆபத்தும்

நிலத்தையும் காலத்தையும் சேர்த்தே சிந்திப்பது நமக்கு இறக்குமதிச் சரக்கு இல்லை. தொல்காப்பியத்தின் அகத்திணை இயல் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. மரமும் விலங்கும் தொழிலும் இசையும் கருப்பொருளாக அடுத்த நிலையில் வருகின்றன. மனிதரின் காதலும் பிரிவும் அவற்றின்மேல் ஏறி நிற்கும் உரிப்பொருள். முல்லைக்குக் கார்காலமும் மாலையும், குறிஞ்சிக்குக் குளிர்காலமும் நள்ளிரவும் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் பொழுது உண்டு. பாலைக்கு மட்டும் தொல்காப்பியம் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெட்டுப் பாலை ஆகின்றன என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. நிலத்தின் மீது காலம் செய்யும் வேலைதான் பாலை. வார்ல்பிரி பேனை விளங்கிக்கொள்ளத் தமிழ் வாசகருக்கு மேற்கத்தியக் கோட்பாட்டைவிட இது அருகில் இருக்கிறது.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' (2021) பாலைக்கு உரிய நண்பகலையும் வேனிலையும் திரையில் ஏற்றிய படம். ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. குடிகாரத் தந்தையும் மகனும் வெயிலில் நடந்து ஊர் திரும்புவதே ஏறக்குறைய முழுப் படமும். மேலூரை அடுத்த அரிட்டாபட்டி அதன் நிலம். சமணப் படுக்கையும் தமிழி கல்வெட்டும் உள்ள அந்த ஊர் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் கனிம உரிமம் ஏலம் போயிற்று. மேலூர் வட்டாரத்து ஊர்கள் திரண்டு எதிர்த்தன. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இப்போது அப்படத்தைப் பார்ப்பவருக்கு அதன் பாறைகள் வேறு எடையோடு தெரியும். எடுத்தபோது பின்னணியாகத் தெரிந்தது, ஏலத்துக்குப் பின் சாட்சியாகிறது.

ஆனால் திணையைப் பழங்குடிக் கலையின் திறவுகோலாக்குவதில் ஆபத்து உண்டு. திணை புலவர்கள் வகுத்த இலக்கிய மரபு. மலையில் வாழ்ந்தவர்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதிவைத்த சாசனம் இல்லை. இன்றைய குறும்பரைக் குறிஞ்சி மாந்தர் என்றும் இருளரை எயினரின் எச்சம் என்றும் மேடையில் பேசும்போது, ஃபேபியன் சொன்ன தவற்றைத் தமிழ்ப் பெருமிதத்தின் பெயரால் மறுபடி செய்கிறோம். செங்கற்சூளையில் முன்பணத்துக்குக் கட்டுண்டு வேலை செய்யும் இருளர் நம் காலத்தவர். அவர் நேரத்தைச் சூளை முதலாளி எடுத்துக்கொள்கிறார். சங்கப் பாடல் அதை மீட்டுத் தராது.

உள்ளிருந்து வரும் சான்று வேறு இடத்தில் இருக்கிறது. நீலகிரியின் கோத்தர் ஏழு ஊர்களில் வாழ்பவர்கள். கறுப்புப் பசு ஒன்றைப் பின்தொடர்ந்து வந்த முன்னோர், அது கால் பதித்த இடங்களில் குடியமர்ந்தார்கள் என்பது அவர்கள் மரபு. ரிச்சர்ட் வுல்ஃப் 2005இல் வெளியிட்ட ஆய்வு நூலுக்கு அந்தக் குளம்படியையே தலைப்பாக்கினார். கோத்தரின் இசையில் காலமும் இடமும் எப்படி ஒன்றையொன்று நங்கூரமிடுகின்றன என்பது அவருடைய பொருள். சாமி விழாவின் இசை ஊர்நடுவே மக்களைக் கூட்டுகிறது. சாவுச் சடங்கின் இசை அவர்களை ஊரிலிருந்து வெளியே அழைத்துச் செல்கிறது. எந்த இடத்தில் எந்த வாசிப்பு, எப்போது எது கூடாது என்ற ஒழுங்கு இருக்கிறது. ஷாட்டின் நீளத்தையும் கேமரா நிற்கும் இடத்தையும் தீர்மானிக்கத் தேவையான முழு இலக்கணமும் இதில் உள்ளது. இதை எடுத்துக்கொண்டு படம் செய்யத் தகுதியுள்ளவர் கோத்தர் ஒருவர்தான்.

அருகிலிருந்து சில முன்னுதாரணங்கள்

இந்தியாவில் இதற்கு வழி போட்டவர்கள் உண்டு. ராஞ்சியின் 'அக்ரா' குழுவில் மேக்நாத்தோடு சேர்ந்து படம் எடுக்கும் பிஜு டோப்போ, தமிழுக்கு உறவான குடுக் மொழி பேசும் ஒராவோன் சமூகத்தவர். 'கோடா ராஜி' (2005) என்ற படத்தில், ஜார்க்கண்டிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தம் மக்களின் பிற்காலத் தலைமுறைகளைத் தேடிப் போகிறார். நிலத்தை விட்டு வந்தவர்களிடம் அந்த நிலம் எந்தக் காலத்தில் இருக்கிறது என்பது அதன் அடிநாதம். இலங்கை மலையகத் தமிழரின் கதையை அறிந்த எவருக்கும் அது அந்நியமாக இருக்காது. நீலகிரிக்கு அடுத்த வயநாட்டில், கே.ஜே. பேபி நடத்திய 'கனவு' பள்ளியில் வளர்ந்த பணியர் சமூகத்து லீலா சந்தோஷ் ஆவணப்படம் எடுத்தார்.

அமர் கன்வர் பழங்குடியினர் அல்லர். ஒடிசாவில் அவர் எடுத்த 'தி சீன் ஆஃப் கிரைம்' (2011) நிலம் கையகப்படுத்தப்படுவதற்கு முன் உள்ள இடங்களை மட்டும் காட்டுகிறது: புல், நீர், காற்று. குற்றம் இனிமேல் நடக்கப்போகிறது. நிலம் இப்போதே தடயம். வெளியார் எடுக்கலாமா என்ற கேள்விக்கு இந்தப் படம் ஓரளவு பதில் சொல்கிறது. எடுக்கலாம், நிலத்தின் நேரத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தால். சென்னையில் இதற்கு அருகில் வந்தது 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தில் டி.எம். கிருஷ்ணா பாடி வெளியான 'சென்னை புறம்போக்கு பாடல்'. சாம்பல் படிந்த சதுப்பில் கர்நாடக இசை நின்றது வலுவான செயல். ஆனால் அக்காணொளியின் மையம் பாடகரே. கழிமுகத்தில் இறால் பிடிப்போரின் அலைநேரம் அதில் இல்லை. அவர்கள் எடுக்கும் படத்துக்கு அது ஒரு முன்னுரையாக அமையட்டும்.

செய்ய வேண்டியது

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பழங்குடியினர் 7.94 லட்சம் பேர்; மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. டிக்கெட் விற்பனைக்கு இந்த எண் போதாது என்பதால் கோடம்பாக்கத்தின் சந்தை தானாக இவர்களிடம் கேமராவைக் கொடுக்காது. அரசும் கல்வி நிறுவனங்களும்தான் தொடங்க வேண்டும். தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரிலான அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. உதகை முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து நீலகிரியிலேயே ஒரு படப்பிடிப்பு, படத்தொகுப்புக் கூடத்தை நடத்துவதற்குத் தடை எதுவும் இல்லை. மாணவரைச் சென்னைக்கு அழைத்து வந்து நம் 'லேக்' இலக்கணத்தைக் கற்பிப்பது பயன் தராது. கூடம் அவர்கள் ஊரில் இருக்க வேண்டும், இறுதி வெட்டும் அவர்கள் ஊரில் முடிவாக வேண்டும்.

இரண்டாவது, அனுமதி. காட்டில் படம் எடுக்க இன்று யூனிட் வனத்துறையிடம் மனு போடுகிறது. அங்கே வாழும் மக்களிடம் போடுவதில்லை. 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஒடிசாவின் நியாம்கிரி மலைச் சுரங்க வழக்கில் 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடமே விட, 12 சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. ஒரு சுரங்கத்தைத் தடுக்கும் தகுதி உள்ள சபைக்கு, தன் மலையின் எந்தப் பக்கத்தைக் கேமரா பார்க்கலாம் என்று சொல்லும் தகுதியும் உண்டு. தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களும் இயக்குநர்களும் சட்டம் கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்காமல், அடுத்த அவுட்டோருக்குக் கிளம்பும் முன் அந்தச் சபையின் முன் உட்கார்ந்து சம்மதம் கேட்கும் வழக்கத்தை இப்போதே தொடங்க வேண்டும்.